இறக்கத்தில் மட்டும் கல்லாகும் பெடல்

"என் காலு செத்துப்போச்சுங்களா அம்மிணி, இல்ல வண்டி செத்துப்போச்சுங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க, போதும்."

நாச்சிமுத்து இதைக் கேட்டபோது தெய்வானை ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். வெளியே தெரிந்தது அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும்தான்.

பாதங்கள் பதில் சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார்.

மேட்டுப்பாளையத்தில் பிரேக் கோளாறு என்றால் தெய்வானைதான். மலையிலிருந்து இறங்கும் வண்டிகளை மற்ற பட்டறைக்காரர்கள் பார்த்துப் பார்த்துக் கைவிட்ட பிறகு அவளிடம் கொண்டு வருவார்கள். வயது நாற்பத்தொன்று. நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். ஊரில் அதை ஞானம் என்று சொல்லிக்கொண்டார்கள். அலுப்பு என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வயதிலிருந்து வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தால் யாருக்கும் பேச்சு குறைந்துதான் போகும்.

கேட்க வந்தவருக்கு ஐம்பத்தாறு. மலை ரோட்டில் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். அவளுக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டிய வயசு. ஆனால் பாதை தெரியாமல் நின்றவர் அன்றைக்கு அவர்தான்.

ஸ்பானர் ஒன்று தரையில் விழுந்தது. வேனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என்ன ஆவுது?"

"பெடல் கல்லாட்டம் ஆயிடுதுங்க. ஏறி நின்னாலும் எறங்க மாட்டீங்குது."

"எப்ப?"

"கீழ வரும்போதுங்க. மேல மலையில அரவேணுவுலேருந்து வர்றமுங்க. மூணு மாசமா இந்த ரோதனை."

"யாரு பாத்தாங்க?"

மூன்று பேர் பார்த்திருந்தார்கள். முதல் மெக்கானிக் ரப்பர் குழாயை மாற்றினார். இரண்டாமவர் மிதிக்கு வலு கூட்டும் பூஸ்டரையே கழற்றிப் புதிதாகப் போட்டார். மூன்றாமவர் வண்டியை விட்டுவிட்டு நாச்சிமுத்துவின் காலைப் பார்த்தார். "இந்தச் செருப்பப் போட்டுக்கிட்டா மலையில ஓட்டுறீங்க?" என்றார். மறுநாளே நாச்சிமுத்து கடைக்குப் போய் வெள்ளை நிறத்தில் கான்வாஸ் ஷூ வாங்கினார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் போட்ட முதல் ஷூ அது.

அதைப் போட்டுக்கொண்டும் பெடல் கல்லாகத்தான் இருந்தது.

மூன்று பேரும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் பிரேக் வெண்ணெயாக இறங்கியது. மூன்று பேரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"எலும்பு டாக்டருகிட்டயும் காமிச்சனுங்க. ஒண்ணுமில்லைனு மாத்திரை குடுத்தாரு."

ஒன்றுமில்லாததற்கு எதற்கு மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. போட்டுக்கொண்டார். தினமும் காலையில் எழுந்ததும் குளியலறைச் சுவரை வலது காலால் தள்ளிப் பார்ப்பார். நேற்றைவிட இன்றைக்குத் தெம்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். சுவர் நகர்ந்தால்தானே தெரியும்?

தெய்வானை வேனுக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அப்புறம் ஷூவைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"வண்டியில யாரு வர்றாங்க?"

"எம் பொண்டாட்டிங்க. ரங்கநாயகி. கிட்னி ரெண்டும் போயிருச்சு. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். இப்பக்கூட ஆஸ்பத்திரியில விட்டுட்டுத்தான் வந்தேன். நாலு மணி நேரம் ஆவும்."

"வேற டிரைவர் வெக்கலாமில்ல?"

"வெக்கலாங்க."

அவர் ஷூ முனையால் தரையைக் கீறினார்.

"சீக்கு அவளுக்கு. ஊசி குத்திக்கறது அவ. பச்சத் தண்ணியக்கூட அளந்து குடிக்கறது அவ. நா பண்றது ஒண்ணே ஒண்ணுங்க. கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வர்றது. அதுக்கும் இந்தக் காலு ஆவாதுன்னா, நா எதுக்குங்க?"

தெய்வானை கையைத் துணியில் துடைத்தாள்.

"ஏறி உக்காருங்க."

அவர் ஏறினார்.

"இன்ஜின் போட வேண்டாம். பெடல நாலஞ்சு வாட்டி அமுத்துங்க."

அமுக்கினார். முதல் தடவை மெத்தென்று போயிற்று. இரண்டாம் தடவை கொஞ்சம் முரண்டு பிடித்தது. நான்காம் தடவை நின்றுவிட்டது.

"இதானுங்க! இதே கல்லுதானுங்க!"

"காலு எடுக்காதீங்க. அப்படியே மிதிச்சுக்கிட்டுச் சாவியத் திருப்புங்க."

இன்ஜின் உயிர் பெற்றது. அதே நொடி அவர் காலுக்குக் கீழே பெடல் தானாக இரண்டு விரல்கடை இறங்கியது. யாரோ கீழே இருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அவர் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டார்.

"நீங்க மிதிக்கறது கால் பங்குங்க. மீதிய இன்ஜின் இழுத்துக் குடுக்குது."

அவள் பானெட்டைத் திறந்து பூஸ்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினாள். அவரைக் கூப்பிட்டு அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக் குழாய் வாயில் வைத்தாள். குழாய் விரலைக் கவ்விக்கொண்டது.

"விட மாட்டீங்குதுங்க."

"அப்படித்தான் இருக்கோணும்."

குழாயை மாட்டினாள். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தாள். பிரேக் பேடுகளைப் பார்த்தாள். ஆயிலைத் தொட்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். பெடல் கம்பியின் முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் பானெட்டை இறக்கினாள்.

"வண்டி நல்லாருக்குது."

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நாச்சிமுத்துவின் முகம் தொங்கிப் போயிற்று.

"அப்பக் காலுதானுங்க."

தெய்வானை பக்கத்துக் கடையில் ஒரு டீ சொன்னாள். டீ வந்தது.

"எந்திரிச்சு நில்லுங்க. வலது கால்ல மட்டும்."

அவர் இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயது ஆள், வெள்ளை ஷூ, பட்டறை வாசலில் ஒற்றைக் காலில். தவத்துக்கு இது இடமில்லை என்று யாரோ சைக்கிளில் போகிறபோது சொல்லிவிட்டுப் போனார்கள்.

தெய்வானை டீயை ஊதி ஊதிக் குடித்தாள். அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"சித்தெ கால மாத்திக்கலாமுங்களா?"

"வேண்டாம்."

டீ முடிந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"காலு நல்லாருக்குது."

"வண்டியும் நல்லாருக்குது, காலும் நல்லாருக்குதுன்னா, பின்ன எதுங்க கெட்டுக் கெடக்குது?"

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பெடல் கல்லாவும்போது ஸ்டியரிங் எப்புடி?"

"அதுவும் கனக்குதுங்க. அதான் கையும் போச்சுன்னு நெனச்சேன்."

"ஏத்தத்துல?"

"ஒரு நாளும் இல்லீங்க."

"எந்த எடத்துல?"

"குஞ்சப்பனை செக்போஸ்ட்டு தாண்டிங்க. ரோடு நேரா எறங்குமே, அங்க."

தெய்வானை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எறக்கத்துல இன்ஜின அணைச்சு விடறதுண்டுங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் யாரிடமும் காட்டாத கோபம்.

"ஏனுங்க அம்மிணி, நா என்ன கிறுக்கனுங்களா? எஸ்டேட் ஜீப்பு ஓட்டுனப்ப விட்டிருக்கறேன். இருவத்திரெண்டு வருசம் விட்டிருக்கறேன். மொதலாளி டீசல அளந்து ஊத்துவாரு. மலையில ஓட்டுன அத்தன பேரும் அப்ப அணைச்சுத்தான் எறக்குவாங்க. அதுல பூஸ்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இன்ஜின் ஓடுனாலும் நின்னாலும் ஒரே மிதிதான். இந்த வண்டி பவர் பிரேக்கு. அணைச்சா பிரேக் கட்டையாயிடும்னு எனக்குத் தெரியாதுங்களா? வாங்கி நாலு வருசத்துல ஒரு தடவ அணைச்சிருப்பனா?"

"சரிங்க."

"சத்தியமா இல்லீங்க."

"சரிங்கண்ணா."

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. பொய் சொல்கிறவர்களை அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். உண்மையைத்தான் சொல்கிறோம் என்று நம்பிச் சொல்கிறவர்களிடம்தான் பாடு.

"வெள்ளிக்கெழம எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?"

"ஆறுங்க."

"மொதல் பஸ்ஸுல வர்றேன்."

"வந்து என்ன பண்ணுவீங்க?"

"உக்காந்திருப்பேன்."

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். அரவேணுவில் பனி இன்னும் விலகவில்லை. காது மூட ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். கையில் ஒரு ஸ்பானர்கூட இல்லை. நாச்சிமுத்துவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ரங்கநாயகி ஏற்கெனவே பின் சீட்டில் படுத்திருந்தாள். மெலிந்த உடம்பு, கழுத்து வரை கம்பளி. ஊசி போடும் இடது கையை மட்டும் தனியாக வெளியே எடுத்து வயிற்றின் மேல் வைத்திருந்தாள். தெய்வானையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ தூங்கிருவா," என்று நாச்சிமுத்து தாழ்ந்த குரலில் சொன்னார். "எறங்கற வரைக்கும் தூங்குவா. அந்த மிசினுல உக்கார்றதுக்கு முந்தி கெடைக்கற தூக்கம் அது ஒண்ணுதான். அதனால நா பேச்சுக் குடுக்கறதில்ல. ரேடியோவும் போடறதில்ல."

தெய்வானை முன் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

அன்றைக்கு நாச்சிமுத்துவுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. தாழ்ந்த குரலில்தான் பேசினார், ஆனால் நிறுத்தாமல் பேசினார். இந்த வளைவில் ஒரு தடவை காட்டெருமை நின்றதைச் சொன்னார். அந்த வளைவில் லாரி சரிந்து முட்டைக்கோஸ் முழுக்க ரோட்டில் உருண்டதைச் சொன்னார். கேரட் விலையைச் சொன்னார். ஷூ கடிப்பதைச் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்தார். ஒவ்வொரு தடவையும் பெடல் மெத்தென்று இறங்கியது.

பாதி மலை இறங்கியதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"பாருங்க அம்மிணி, நீங்க வந்ததும் நல்ல புள்ளையாட்டம் இருக்குது. இத நா யாருகிட்டச் சொல்லி அழுவறது?"

"பேசாதீங்க."

"என்னங்க?"

"நா விருந்துக்கு வந்த ஒறம்பரையில்லீங்க. நா வரவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுங்க."

அவள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முழுக்க மூடவில்லை.

வண்டியில் பேச்சு நின்றது.

ஒரு வளைவு. இரண்டு வளைவு.

விருந்தாளிக்காக வைத்திருந்த முகம் மெல்ல அவரை விட்டு இறங்கிப் போனது. அடியில் இருந்த முகம் வெளியே வந்தது. தெய்வானை ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். அது மூன்றரை மணிக்கு எழுந்த முகம். எழுந்து, வெந்நீர் வைத்து, உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி, தண்ணீரை டம்ளரில் அளந்து வைத்து, சுவரைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு வந்த முகம். மூன்று மாதமாக அப்படி. கண் ரோட்டில் இருந்தது. கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது, தானாக நிமிர்த்தியது. ஓட்டுகிறவர் எங்கேயோ போய்விட்டார்.

குஞ்சப்பனை சோதனைச் சாவடி பின்னால் போயிற்று.

ரோடு நேராக இறங்க ஆரம்பித்தது.

அவருடைய இடது கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது.

வலது கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே போனது. சாவியை ஒரு படி பின்னால் திருப்பியது. மறுபடி ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட் ஜீப்பில் செய்த அதே மாதிரி, காதைச் சொறிந்துவிட்டுத் திரும்புகிற மாதிரி, அவ்வளவுதான்.

இன்ஜின் அடங்கியது. வண்டி தன் எடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

தெய்வானை ஹேண்ட் பிரேக் மேல் கையை வைத்தாள்.

அவர் ஒரு தடவை பிரேக்கை மிதித்தார். பிடித்தது. இரண்டாம் தடவை மிதித்தார். பிடித்தது, அரைகுறையாக. முன்னால் வளைவு வந்தது. மூன்றாம் தடவை மிதித்தார்.

"இதா! இதா அம்மிணி! பாருங்க, கல்லாயிருச்சு! ஸ்டியரிங்கும் வர மாட்டீங்குது!"

"பாத்தேன். ரெண்டு கையிலயும் ஒடிங்க."

அவள் ஹேண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லாக மேலே இழுத்தாள். "செகண்டுல போடுங்க." அவர் போட்டார். வண்டி குலுங்கி, முனகி, வளைவு தாண்டி ஒரு சிறு பாலத்தை ஒட்டி நின்றது.

நாச்சிமுத்துவின் முகத்தில் ஒரு வெற்றி. மூன்று மாதமாக யாரும் நம்பாததை இன்றைக்கு ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"இப்ப நம்பறீங்களா?"

"என்ன கேக்குது?"

"என்னங்க?"

"காதுல என்ன கேக்குதுன்னு கேட்டேன்."

அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"பாலத்துக்கடியில தண்ணி போவுதுங்க."

"அப்பறம்?"

"குருவி கத்துது."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லீங்களே."

சொல்லிவிட்டு அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

மீட்டர் பலகையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சாவி ஒரு படி பின்னால் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அடுத்தவன் வீட்டுச் சாவி தன் பையில் இருந்தால் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"செகண்டுல போட்டதுல நின்னுருக்கும்."

"சாவி தானாத் திரும்பாதுங்கண்ணா."

"நா அணைக்கலீங்க."

தெய்வானை சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பன் மேல சத்தியமா நா அணைக்கலீங்க அம்மிணி. நீங்க வேணா..."

"அணைச்சீங்க மாமா."

பின்னாலிருந்து குரல். இருவரும் திரும்பினார்கள். ரங்கநாயகி படுத்தபடியே கண்ணைத் திறந்திருந்தாள். அதில் தூக்கத்தின் சுவடே இல்லை.

"இன்னிக்கு மட்டுமில்ல. மூணு மாசமா அணைக்கறீங்க. தவறாம இங்கதான்."

"நானா?"

"ஆமாங்க. அப்பறம் பெடலப் போட்டு மிதிப்பீங்க, எப்படியோ ஓரத்துல நிறுத்துவீங்க, சித்தெ நேரம் தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. மறுபடி சாவியத் திருப்பிக் கெளப்புவீங்க."

நின்ற வண்டியைச் சாவி போட்டுத்தானே கிளப்ப வேண்டும். அதில் அவருக்கு என்ன சந்தேகம் வந்திருக்கும்?

"தெரிஞ்சும் நீ ஏம் புள்ள சொல்லல?"

"பெடலு கல்லாவறது இதனாலன்னு எனக்கென்ன தெரியும்? நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே. நீங்க மூச்சு வாங்கறதுதான் கேக்கும். ஏதோ மனசு கஷ்டம், நிறுத்திட்டு உக்காந்திருக்கறீங்கன்னு இருந்துட்டேன்."

"அணைக்கறது?"

"அது எனக்காகன்னு நெனச்சேன். சத்தமில்லாம எறக்குனா நா நல்லாத் தூங்குவேன்னு பண்றீங்கன்னு."

நாச்சிமுத்து அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"தூங்குவியா?"

"ஒரு நாளும் தூங்குனதில்ல."

"கண்ண மூடிக்கிட்டுத்தான வருவ?"

"நா முழிச்சிருந்தா நீங்க எங்கூடப் பேசோணுமே. பேசுனா ஏதாச்சும் தெகிரியம் சொல்லோணும். நீங்களே அலுத்துப் போயி வர்றீங்க. இந்த ஒரு மணி நேரமாச்சும் உங்களுக்குத் தொந்தரவில்லாம இருக்கட்டும்னு..."

அவள் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நாச்சிமுத்து முன்னால் திரும்பிக்கொண்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம். அதில் மரங்களின் தலைதான் தெரிந்தது, அடி தெரியவில்லை. திங்கள், புதன், வெள்ளி. அவர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். தன் கையாலேயே, தனக்கே தெரியாமல், இவளை எத்தனை தடவை இந்தப் பள்ளத்தின் ஓரத்துக்குக் கொண்டு வந்திருக்கிறோம். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார்.

தெய்வானை கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் சமாதானம் செய்வது அவளுக்கு வராது.

அழுகை ஓய்ந்தது. அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இதுக்கு என்னத்த மாத்தோணும் அம்மிணி?"

தெய்வானை சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

கதவைத் திறந்து இறங்கினாள். சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். கையை நீட்டினாள்.

ரங்கநாயகி ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். கிரீஸ் படிந்து, நகமெல்லாம் கறுத்த கை. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கம்பளி கீழே விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து எடுக்கவில்லை. குனிய இருவருக்கும் இடுப்பு ஒத்துழைக்காது. மெதுவாக நடந்து, முன்கதவு வரை வந்து, ரங்கநாயகி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தெய்வானை கதவைச் சாத்தினாள்.

"நீங்க ஏறுங்க அம்மிணி, பின்னால எடமிருக்குதே," என்றார் நாச்சிமுத்து.

"பின்னால பஸ் வருதுங்க."

"எங்க வருது? காணமே?"

அவள் காதில் வாங்கவில்லை. போய்ப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துகொண்டாள், முதுகைக் காட்டி.

வண்டிக்குள் இரண்டு பேர் மட்டும். முன் சீட்டில் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பழக்கம் விட்டுப் போயிருந்தது. நாச்சிமுத்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது. ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

"மாமா."

"சொல்லு புள்ள."

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"இனிமே அணைக்க மாட்டேன். எங் கைய நானே கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன். நீ பயப்படாத."

"நா வண்டியச் சொல்லலீங்க."

அவர் கியரிலிருந்து கையை எடுத்தார். கீழிருந்து ஒரு லாரி ஏறி வந்து, அவர்களைத் தாண்டி, வளைவில் மறைந்தது.

"எனக்குந்தான் புள்ள," என்றார்.